100 டிரில்லியன் டாலர் நோட்டுக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் தம்பி ஒரு வாட்ஸ்அப் குழு மூலமாக ஜிம்பாப்வே நாட்டின் 100 டிரில்லியன் டாலர் நோட்டுகள் எட்டு வாங்கியிருக்கிறான். மொத்தம் 64,000 ரூபாய். அந்த நாட்டு நாணயத்தின் மதிப்பைச் சீக்கிரமே உயர்த்தப்போகிறார்கள், அப்போது வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்களாம். இப்போது பெயரைப் பதிவு செய்ய இன்னும் 25,000 கேட்கிறார்கள். என் வளையலை அடகு வைத்துத் தரச் சொல்கிறான். தரலாமா? (வாசகி, சேலம்)

பதில்: தராதீர்கள். போன பணத்தை மீட்பது கடினம். இந்த 25,000-ஐயாவது காப்பாற்றிவிடலாம்.

தம்பியை ஏமாளி என்று திட்டாதீர்கள். அத்தனை பெரிய எண் யாருக்குமே மனதில் பிடிபடாது. லட்சம் விநாடி என்பது ஒரு நாளும் நான்கு மணி நேரமும். கோடி விநாடி சுமார் 116 நாள். ஒரு டிரில்லியன், அதாவது லட்சம் கோடி விநாடி, சுமார் 31,700 ஆண்டு! அந்த நோட்டில் இருப்பது அதைப்போல நூறு மடங்கு. 1-க்குப் பின் 14 பூஜ்யம். அதைக் கையில் பிடித்தால் எவருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் அந்த பூஜ்யங்கள் எப்படி வந்தன என்று பாருங்கள். விவசாய உற்பத்தி சரிந்து வருமானம் குறைந்தபோது, ஜிம்பாப்வே அரசு செலவுக்கு நோட்டடித்தே சமாளித்தது. விலைவாசி ஏற ஏற, இன்னும் பெரிய நோட்டு. 2006-ல் நாணயத்திலிருந்து மூன்று பூஜ்யங்களை வெட்டினார்கள், 2008-ல் பத்து. உங்கள் தம்பியிடம் இருக்கும் நோட்டு 2009 ஜனவரியில் வெளிவந்தது. அடுத்த மாதத் தொடக்கத்திலேயே 12 பூஜ்யங்கள் போய், 100 டிரில்லியன் வெறும் 100 ஜிம்பாப்வே டாலர் ஆனது. சில மாதங்களில் அந்த நாணயமே நிறுத்தப்பட்டது. மக்கள் அமெரிக்க டாலரில் வாங்கி விற்றார்கள்.

இதைத் தம்பிக்கு அழுத்திச் சொல்லுங்கள்: 2015-ல் அந்நாட்டு ரிசர்வ் வங்கியே பழைய நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. 250 டிரில்லியனுக்கு ஒரு அமெரிக்க டாலர். அப்படிப் பார்த்தால் எட்டு நோட்டுக்கும் சேர்த்து 3 டாலர் 20 சென்ட், அன்றைய கணக்கில் சுமார் 200 ரூபாய். அந்த வாய்ப்பும் அதே ஆண்டு செப்டம்பர் 30-உடன் முடிந்துவிட்டது. 2024-ல் வந்த 'ஜிக்' என்ற புது நாணயத்துக்கும் இந்த நோட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

காகிதப் பணம் பிறந்த கதையே இதுதான். சீனாவின் சிச்சுவானில் இரும்புக் காசு தூக்க முடியாத கனம் என்பதால், வணிகர்கள் காசை ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி அதையே கைமாற்றினார்கள். 1024-ல் அரசே அதை வெளியிட்டது. ரசீதுக்குப் பின்னால் காசு இருந்தவரை மதிப்பு இருந்தது; அளவுக்கு மீறி அச்சடித்த பிறகு விழுந்தது. 1923 கடைசியில் ஜெர்மனியில் ஒரு அமெரிக்க டாலர் வாங்க 4.2 லட்சம் கோடி மார்க் தேவைப்பட்டது. பிறகு ஒரு புது மார்க்குக்கு லட்சம் கோடி பழைய மார்க் என்று மாற்றித்தான் மீண்டார்கள். பழைய நோட்டை மூட்டையாக வைத்திருந்தவர் யாரும் அதனால் பணக்காரர் ஆகவில்லை.

சரி, நோட்டுக்கு விலையே இல்லையா? பழைய நோட்டு சேகரிப்பவர்கள் விரும்பி வாங்குகிறார்கள், அது உண்மை. ஆனால் அது ஞாபகப் பொருளுக்கான விலை. போலிகளும் நிறைய உலவுகின்றன. எனவே முதலீடு என்று இதை எண்ணவே கூடாது.

இன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அனுப்பிய விவரம், குழுவில் வந்த செய்திகள் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். அதுவரை தம்பி குழுவிலிருந்து வெளியேற வேண்டாம். கோபத்தில் நோட்டுகளைக் கிழித்துவிடவும் வேண்டாம், புகாருக்கு அவைதான் சாட்சி.