தாய்லாந்தில் சாப்பிடும்போது பின்பற்ற வேண்டிய முறை ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. நான் அசடு வழிந்துதான் கற்றுக்கொண்டேன்.

வேலைக்காக பாங்காக்கில் சில மாதம் இருந்தேன். முதல் நாள் மதியம் கூட வேலை பார்ப்பவர்கள் நான்கு பேரோடு ஒரு கடைக்குப் போனோம். ஆளுக்கு ஒரு தட்டுச் சோறு. நடுவில் பச்சை நிறக் குழம்பு (கிரீன் கறி), பொரித்த மீன், கீரை வதக்கல், டாம் யம் என்கிற காரமும் புளிப்புமான சூப் என்று வரிசையாக வந்து இறங்கின. நம்மூர் சாம்பார் ஞாபகத்தில் பச்சைக் குழம்பை நாலு கரண்டி அள்ளிச் சோற்றில் ஊற்றிவிட்டேன். மற்றவர்கள் ஒன்றில் ஒரு கரண்டி எடுப்பார்கள், அதைச் சோற்றோடு முடிப்பார்கள், அப்புறம்தான் அடுத்ததைத் தொடுவார்கள். என் தட்டில் மட்டும் குளம்.

அங்கே ஒருவருக்கு ஒரு பதார்த்தம் என்று கணக்கில்லை, எல்லாம் எல்லாருக்கும்தான். அதனால் தனியாகப் போனால் பாதி ருசி போச்சு. மூன்று நான்கு பேராகப் போய், காரம் ஒன்று, புளிப்பு ஒன்று, காரமில்லாத வதக்கல் ஒன்று என்று கலந்து சொல்லுங்கள். சூப் முதலில் வரும் என்று காத்திருக்க வேண்டாம். எது வெந்ததோ அது வரும்.

கரண்டி வலது கையில், முள்கரண்டி இடது கையில். முள்கரண்டி சோற்றைக் கரண்டிக்குள் தள்ளிவிடத்தான், அதை வாயில் வைப்பதில்லை. கத்தி மேசைக்கே வராது, எல்லாம் சமையற்கட்டிலேயே நறுக்கித்தான் வரும். குச்சி நூடுல்ஸுக்கு மட்டும். சோற்றுக்கும் குச்சி கேட்டு நின்றால் சிரிப்பார்கள். ஆனால் வடகிழக்கில் இசான் பக்கத்துச் சாப்பாடு என்றால் நம் பாடு கொண்டாட்டம். மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறு சூடாக வரும். வலது கையால் கொஞ்சம் கிள்ளி, உருட்டி, சோம் டாம் என்கிற பப்பாளிக்காய் சாலட்டின் சாற்றில் தொட்டு வாயில் போட வேண்டியதுதான். இசான் சாப்பாடு சாப்பிட்ட அன்றைக்கு மேசையில் என்னைவிட வேகமாகச் சாப்பிட்டவர் யாருமில்லை.

டாம் யம்மில் மிதக்கும் எலுமிச்சைப்புல் தண்டு, தடித்த இலை, வட்டமாக நறுக்கிய கிழங்கு இதையெல்லாம் மெல்லாதீர்கள். நாம் கறிவேப்பிலையை ஒதுக்குகிற மாதிரி ஒதுக்க வேண்டும். மூங்கில் குருத்து என்று நினைத்து நான் கடித்தது பேரரத்தை. நாட்டுமருந்துக் கடை வாசனை சாயங்காலம் வரை வாயை விட்டுப் போகவில்லை.

நூடுல்ஸ் கடையில் நாலு கிண்ணம் வைத்திருப்பார்கள்: மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய வினிகர், மீன் சாறு (ஃபிஷ் சாஸ்), சர்க்கரை. முதலில் அப்படியே ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு உங்களுக்கு வேண்டியதைக் கலந்துகொள்ளுங்கள். அதை அங்கே சமையல்காரர் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. சர்க்கரையா என்று முகம் சுளிக்காதீர்கள், அரைக் கரண்டி போட்டுப் பாருங்கள்.

சைவக்காரர்கள் 'மங்சவிரத்' என்று கேட்கலாம். மாமிசம் என்ற நம் சொல்லும் அதில் இருப்பது காதில் விழும். ஆனால் அதில் முட்டை வரலாம், மீன் சாறும் பல கடைகளில் நழுவி உள்ளே வந்துவிடும். உப்பு போடுகிற மாதிரி அதை ஊற்றுகிறார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று போட்ட கடை கண்ணில் பட்டால் அங்கே போங்கள். மாமிசம், முட்டை, பால் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூட இருக்காது.