அட்டை கழன்ற புத்தகம் பயணம் போகலாமா? வாசகர் கேள்வி – பதில்

அருங்காட்சியகம் வேறு கட்டடத்துக்கு மாறும்போது நூலகத்தையும் ஆவணங்களையும் எப்படிப் பத்திரமாகக் கொண்டுசெல்வது என்று வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் அருங்காட்சியக நூலகத்தில் ஏறக்குறைய 9,000 புத்தகங்கள் இருக்கின்றன. அடுத்த ஆண்டு புதுக் கட்டடத்துக்குப் போகிறோம். பல புத்தகங்களின் அட்டை கழன்று கிடக்கிறது. எல்லாவற்றையும் செப்பனிட்ட பிறகுதான் எடுத்துச்செல்ல வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. அப்படித் தொடங்கினால் கிளம்பும் நாள் வந்துவிடும், செப்பனிடும் வேலையில் கால்வாசிகூட முடிந்திருக்காது. செப்பனிடுவது ஒரு வேலை, பயணத்தைத் தாங்கும்படி செய்வது வேறு வேலை. இப்போது உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

அலமாரி அலமாரியாகப் பார்த்து, ஒவ்வொரு புத்தகமும் அப்படியே போகலாமா, நாடா கட்ட வேண்டுமா, தனிப் பெட்டி வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். அமிலமற்ற தாளில் ஒரு துண்டு வெட்டி, பென்சிலால் குறித்து, பக்கங்களுக்கு நடுவே செருகினால் போதும். ஒட்டும் சீட்டு கூடவே கூடாது.

அட்டை கழன்றிருந்தால் அதை அதன் இடத்திலேயே பொருத்தி, வெளுக்காத பருத்தி நாடாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். முடிச்சு, புத்தகம் திறக்கும் பக்கத்தில் விழ வேண்டும். அட்டைமேல் விழுந்தால் பக்கத்துப் புத்தகத்தில் பள்ளம் பதியும். அட்டை நழுவாத அளவுக்கு இறுக்கினால் போதும். தாளின் ஓரம் மடங்கினால் இறுக்கம் அதிகம் என்று பொருள். ரப்பர் பேண்ட் நாளாக ஆகக் கெட்டியாகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும், அதைத் தொடாதீர்கள்.

கிழிசல்களில், பெட்டியில் வைக்கும்போதோ எடுக்கும்போதோ மேலும் கிழியக்கூடியவற்றை மட்டும் மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் கொண்டு ஒட்டுங்கள். மற்றவை காத்திருக்கட்டும். செல்லோடேப்பின் பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும். அதை எடுக்கப் பிறகு படும் பாடு கிழிசலை ஒட்டுவதைவிடப் பெரிது.

கேள்வி: பழைய தோல் அட்டைப் புத்தகங்களைத் தொட்டாலே கையில் செம்பொடி ஒட்டுகிறது. எண்ணெய் பூசலாமா?

பதில்: பூசாதீர்கள். தோல் பதனிட்ட முறையாலும் காற்றிலுள்ள அமில மாசுகளாலும் தோலின் நார்கள் சிதைந்ததால் வரும் பொடி அது. 19ஆம் நூற்றாண்டின் புத்தகங்களில் இதை நிறையப் பார்க்கலாம். எண்ணெய் அந்தச் சிதைவைச் சரிசெய்யாது. கறை ஏற்றும், தூசியைப் பிடித்துவைக்கும், பிறகு செய்ய வேண்டிய சிகிச்சைக்கும் தடையாக நிற்கும். ஹைட்ராக்சிப்ரோப்பைல் செல்லுலோஸ் என்ற பசைப்பொடியை எத்தனாலில் 1 முதல் 2 சதவீதம் கரைத்து மென்தூரிகையால் பூசினால் பொடி அடங்கும். ஆனால் தோல் கருக்கலாம், ஆகவே கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பார்க்காமல் பூச வேண்டாம். நேரம் இல்லையென்றால் அமிலமற்ற தாளில் சுற்றி நாடா கட்டுங்கள். பயணத்துக்கு அது போதும்.

கேள்வி: தூசி தட்டுவது போகும் முன்பா, போன பிறகா?

பதில்: முன்பு. தூசியோடு பூஞ்சண வித்தும் பூச்சி முட்டையும் புது அலமாரிக்குக் குடியேற வேண்டாம்.

செய்யும் விதம் முக்கியம். புத்தகத்தை மூடியபடியே இடது கையால் இறுக்கிப் பிடியுங்கள். பிடி தளர்ந்தால் தூசி பக்கங்களுக்குள் இறங்கும். மேல் விளிம்பில், முதுகிலிருந்து திறக்கும் பக்கம் நோக்கி மென்தூரிகையால் ஒரே திசையில் வாருங்கள். எதிர்த்திசையில் வாரினால் தூசி முதுகின் இடுக்கில் போய்ச் சேரும், முதுகின் தலைப்பகுதித் தோலும் பிய்யும். நுண்தூசியையும் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம் கிளீனரின் குழாய்முனையில் மெல்லிய வலைத்துணி கட்டி, உறிஞ்சும் வேகத்தைக் குறைத்து, தூரிகைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். சாதாரண வாக்குவம் கிளீனர் நுண்தூசியைப் பின்வழியே அறைக்குள் திருப்பி விடும். ஈரத்துணி வேண்டாம்.

கேள்வி: சில பெட்டிகளில் பூஞ்சண வாடை. சில புத்தகங்களில் சின்னச் சின்னத் துளைகள், அடியில் மாவு போன்ற தூள். எல்லாவற்றையும் உறைபெட்டியில் வைத்துவிடலாமா?

பதில்: இங்கேதான் பலர் தவறுகிறார்கள். இரண்டும் வேறு வேறு சிக்கல்கள். கடுங்குளிர் பூச்சியைக் கொல்லும், பூஞ்சணத்தை உறங்க மட்டுமே வைக்கும்.

முதலில் பூச்சி. துளையும் மாவுத்தூளும் வண்டுப் புழுக்களின் அடையாளம். மேற்பரப்பை மட்டும் ஒழுங்கற்றுச் சுரண்டியிருந்தால் ராமபாணப் பூச்சியாக இருக்கும். புத்தகத்தைப் பாலித்தீன் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, வாயை அடைத்து, −30 டிகிரி செல்சியஸில் 3 நாள் அல்லது −18 டிகிரியில் 2 வாரம் வையுங்கள். உறைபெட்டியை அடைத்து நிரப்பினால் நடுவிலுள்ள புத்தகம் மெதுவாகக் குளிரும், பூச்சி அதற்குள் குளிருக்குப் பழகிப் பிழைத்துக்கொள்ளும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறையின் ஈரம் குளிர்ந்த பரப்பில் நீர்த்துளியாகப் படியும். பை மூடியிருந்தால் அது பையின் வெளியே நிற்கும், திறந்திருந்தால் தாளில் இறங்கும். 24 மணி நேரம் கழித்துப் பிரித்து, பழைய தூளைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள். அப்போதுதான் பிறகு புதுத்தூள் விழுந்தால் தெரியும். கண்ணாடி நெகட்டிவ்களையும் (கண்ணாடித் தகட்டில் பதிந்த பழைய புகைப்பட நெகட்டிவ்கள்) வண்ணம் பூசிய மரப்பொருள்களையும் இப்படிக் குளிரில் வைக்கக் கூடாது.

இனிப் பூஞ்சணம். தூரிகை நுனியால் தொட்டுப் பாருங்கள். ஈஷினால் அது வளர்ந்துகொண்டிருக்கிறது, பொடியாக உதிர்ந்தால் உறங்குகிறது. வளரும் பூஞ்சணத்தோடு ஈரமாக இருப்பதைப் பையில் அடைத்து அறை வெப்பத்தில் வைத்தால் அது இன்னும் பெருகும். தனி அறைக்கு மாற்றி, ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்து காயவிடுங்கள். மின்விசிறியைப் புத்தகத்துக்கு நேராகத் திருப்பினால் வித்துகள் அறையெங்கும் பறக்கும். காய்ந்த பிறகே ஹெப்பா வாக்குவம். என்95 முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் யாரையும் அந்த வேலையில் இறக்காதீர்கள். தாள் திரும்பக் கிடைக்காதென்றால் நுரையீரலும் அப்படித்தான்.

கேள்வி: பெட்டிக்குள் புத்தகத்தை எப்படி அடுக்குவது?

பதில்: அலமாரியில் நிற்பதுபோல நிமிர்த்தியோ, கிடையாகவோ, முதுகு கீழே இருக்கும்படியோ வைக்கலாம். திறக்கும் பக்கம் கீழே இருக்கும்படி மட்டும் வைக்கவே கூடாது. உள்தாள்களின் எடை முழுவதும் முதுகிலிருந்து தொங்கும், வண்டியின் ஒவ்வொரு குலுக்கலிலும் தையல் விடும். பெரிய அளவுப் புத்தகங்களைக் கிடையாகத்தான் வைக்க வேண்டும். ஒரு பெட்டியின் எடை 12 கிலோவைத் தாண்ட வேண்டாம். இடைவெளியைக் கசக்கிய அமிலமற்ற மென்தாளால் நிரப்புங்கள், செய்தித்தாளின் மை ஒட்டும். கண்ணாடி நெகட்டிவ்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியிலுள்ளது எடை தாங்காமல் உடையும். ஒவ்வொன்றையும் தாள் உறையிலிட்டு, நீண்ட விளிம்பில் நிற்கவையுங்கள்.

கேள்வி: படச்சுருள் பெட்டி ஒன்றில் வினிகர் வாடை அடிக்கிறது.

பதில்: அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன படச்சுருள் சிதைகிறது. வெளிவரும் அமில ஆவி அருகிலுள்ள மற்றச் சுருள்களையும் கெடுக்கும், உடனே பிரித்து வையுங்கள். 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய சுருள்கள் நைட்ரேட் என்ற, எளிதில் தீப்பிடிக்கும் பழைய வகையாக இருக்கலாம். அது எரியத் தேவையான ஆக்சிஜனைத் தானே வெளியிடும், தண்ணீருக்குள்ளும் எரியும். நைட்ரேட் என்று சந்தேகம் வந்தாலே அது மற்றப் பெட்டிகளோடு ஒரே வண்டியில் ஏறக் கூடாது. ஆபத்தான பொருள்களை ஏற்றிச்செல்லத் தகுதி பெற்றவர்களிடம் விடுங்கள்.

கேள்வி: புதுக் காப்பறைக்கு இப்போதுதான் வண்ணம் பூசியிருக்கிறார்கள். உடனே கொண்டுபோகலாமா?

பதில்: பொறுங்கள். புதுக் கான்கிரீட் பல மாதங்கள் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். வண்ணப்பூச்சின் ஆவி அடங்கவும் நல்ல காற்றோட்டத்தில் குறைந்தது 4 வாரம் வேண்டும். இரும்பு அலமாரியின் பூச்சு சரியாகச் சூடேற்றப்படாவிட்டால் அதிலிருந்தும் ஆவி வரும். மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற கரைப்பானில் நனைத்த பஞ்சால் ஒரு மூலையில் பல முறை தேய்த்துப் பாருங்கள். பூச்சு இளகினாலோ நிறம் கரைந்து வந்தாலோ அலமாரியைத் திருப்பி அனுப்புங்கள். அடித்தட்டு தரையிலிருந்து 15 சென்டிமீட்டராவது உயர்ந்திருக்கட்டும், வெளிச்சுவரோடு ஒட்டி எதையும் வைக்காதீர்கள். ஈரப்பதப் பதிவுக்கருவியை அறையின் நடுவில் மட்டும் வைத்தால் போதாது, வெளிச்சுவர் மூலையில் தரைக்குப் பக்கத்திலும் ஒன்று வேண்டும். அந்த மூலையின் அளவு வாரக்கணக்கில் 60 சதவீதத்துக்குக் கீழே நின்ற பிறகு முதல் பெட்டி உள்ளே வரட்டும். வந்த பெட்டிகளையும் 24 மணி நேரம் மூடியே வையுங்கள்.