பந்து இல்லாத ஒன்பது பேர்

அன்புள்ள ஆச்சிக்கு,

வணக்கம். தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். என் மகள் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். அவளால்தான் எனக்கும் இந்த ஆட்டம் பழகியது. இரவு வேலையெல்லாம் முடிந்தபின் வளவில் இருக்கும் டிவியில் யூடியூப் போட்டு, பெண்கள் ஆட்டங்களை முழுசாகப் பார்க்கிறேன். எழுதவும் ஆசை. 2024 அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் இறுதி ஆட்டத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மகள் படித்துவிட்டு, "அம்மா, இது கமென்டரி மாதிரியே இருக்கு" என்கிறாள். அவள் சொல்வது சரி என்று எனக்கே தெரிகிறது, எங்கே பிசகு என்றுதான் பிடிபடவில்லை. டிவியில் பார்த்து எழுதுவதே தவறா? பார்ப்பதை நிறுத்தினால்தான் எழுத்து வருமா?

வாசகி, தேவகோட்டை

அன்புள்ள வாசகிக்கு,

டிவியை நிறுத்த வேண்டாம். சத்தத்தை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

உங்கள் இரண்டு பக்கத்தையும் இருமுறை படித்தேன். ஏறக்குறைய எல்லா வாக்கியமும் அயோவா அணியின் நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க்கில் தொடங்குகிறது. "கிளார்க் வாங்கினார், கிளார்க் எறிந்தார், அரங்கம் அதிர்ந்தது." கேமரா பந்தின் பின்னால் போகிறது, வர்ணனையாளர் பந்து வைத்திருப்பவர் பெயரைச் சொல்கிறார், நீங்கள் அந்த இருவரையும் நம்பி எழுதியிருக்கிறீர்கள். களத்தில் பத்துப் பேர். பந்து ஒருத்தியிடம். மற்ற ஒன்பது பேரும் உங்கள் கட்டுரையில் இல்லை.

அந்த ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2024 ஏப்ரல் 7, கிளீவ்லாண்ட் நகரம், நம் நேரப்படி நள்ளிரவு 12.30. அமெரிக்காவில் 1.8 கோடிப் பேருக்கு மேல் டிவியில் பார்த்தார்கள். கல்லூரி இறுதிகளில் ஆண்கள் ஆட்டத்தைவிடப் பெண்கள் ஆட்டத்தை அதிகம் பேர் பார்த்தது அதுவே முதல்முறை. கிளார்க் முதல் குவார்ட்டரிலேயே 18 புள்ளி எடுத்தார், மொத்தம் 30. ஆனால் அவருடைய அயோவா 75-87 என்று தோற்றது. ஏன் என்று உங்கள் கட்டுரை கேட்கவில்லை. எதிரணியான சவுத் கரோலினா 51 ரீபவுண்ட் எடுத்தது, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தை 51 முறை பிடித்தது, அயோவா 29. சவுத் கரோலினாவின் மாற்று ஆட்டக்காரர்கள், அதாவது பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர்கள், 37 புள்ளி போட்டார்கள். அயோவா பெஞ்ச் ஒன்றுகூடப் போடவில்லை. சவுத் கரோலினாவின் கமிலா கார்டோசோ தனியாக 17 ரீபவுண்ட். அதே அணியின் டெஸ்ஸா ஜான்சன் பெஞ்சிலிருந்து வந்து 19 புள்ளி. கார்டோசோவின் பெயர் உங்கள் கட்டுரையில் ஒரே இடத்தில் வருகிறது, அதுவும் கோப்பை வாங்கும்போது.

இனி டிவி எதையெல்லாம் மறைக்கிறது என்று பார்ப்போம். முதன்மைக் கேமரா நடுக்கோட்டுக்கு நேராக, பக்கவாட்டில், உயரத்தில் இருக்கும். தொலைவிலிருந்து இழுத்துக் காட்டும் லென்ஸ் ஆழத்தைச் சுருக்கிவிடும். களத்தின் 28 மீட்டர் நீளம் திரையில் விரிந்து கிடக்கும், 15 மீட்டர் அகலமோ ஒடுங்கிவிடும். அகலவாக்கில் போகும் பாஸ் பக்கத்தில் கொடுத்ததுபோல் தெரியும், அளந்தால் பத்து மீட்டர் இருக்கும். அடுத்தது ரீப்ளே. கூடை விழுந்ததும் ரீப்ளே போடுகிறார்கள். அந்தச் சில வினாடிகளில்தான் எதிரணி கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே தருகிறது, முழுக்களத்திலும் நெருக்கிப் பிடிக்கும் அணி ஆளுக்கு ஆள் இடம் பிடிக்கிறது. படம் திரும்பும்போது பந்து நடுக்கோட்டைத் தாண்டியிருக்கும். அதனால்தான் உங்கள் கட்டுரையில் பந்து அங்கங்கே "திடீரென்று" பறிபோகிறது. அந்தச் சொல்லை ஏழு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஏழையும் அடித்துவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் அதற்கு முந்தைய ஐந்து வினாடியைத் திரும்பப் பாருங்கள்.

ஒரு ஏ4 தாள் எடுத்து, ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று களத்தை வரையுங்கள். 28-க்கு 15, தாளுக்குள் கச்சிதமாக அடங்கும். ரிங்கின் நடுப்புள்ளி, அதற்குப் பின்னால் இருக்கும் எல்லைக்கோட்டிலிருந்து 1.6 செ.மீ. உள்ளே. அதிலிருந்து 6.75 ஆரத்தில் மூன்று புள்ளி வளைவு, அதற்கு வெளியே நின்று போட்டால்தான் மூன்று. பக்கக்கோட்டுக்கு 0.9 செ.மீ. உள்ளே வந்ததும் வளைவை விட்டுவிட்டு நேர்கோடாக எல்லைக்கோடு வரை இறக்குங்கள். அமெரிக்கக் களம் நீளத்திலும் அகலத்திலும் கொஞ்சம் கூடுதல், உங்கள் வேலைக்கு இது போதும்.

தாளில் வரைந்தது உடம்புக்கும் தெரிய வேண்டும். உங்கள் வளவுத் தரையில் பத்து அங்குல ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் எண்ணிப் பாருங்கள். ஃபவுலுக்குப்பின் யாரும் தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து போர்டு 4.6 மீட்டர், பதினெட்டுக் கல். ரிங்கின் நடுவிலிருந்து மூன்று புள்ளிக் கோடு இருபத்தாறரைக் கல். மூலையில் நின்று எறிபவளுக்குக் கோட்டுக்கும் களத்தின் எல்லைக்கும் நடுவே இருப்பது 90 சென்டிமீட்டர், மூன்றரைக் கல். அதற்குள் இரண்டு காலையும் ஊன்றி, பாஸ் வாங்கி, குதித்து எறிய வேண்டும். குதிகால் பின்னால் கோட்டைத் தொட்டால் பந்து எதிரணிக்கு. விரல்நுனி முன்கோட்டை மிதித்தால் மூன்று, இரண்டாகும். அந்த மூன்றரைக் கல்லில் ஒருமுறை நீங்களே நின்று பார்த்துவிட்டால், "மூலையிலிருந்து அநாயாசமாக எறிந்தார்" என்று மறுபடி எழுத மாட்டீர்கள்.

பந்து ஏன் விழவில்லை என்பதையும் "அதிர்ஷ்டம் இல்லை" என்று கடந்துபோகிறீர்கள். ரிங்கின் உள்விட்டம் 45 செ.மீ. பெண்கள் ஆடும் 6-ஆம் எண் பந்தின் விட்டம் ஏறக்குறைய 23. பந்து 45 டிகிரிச் சாய்வில் இறங்கினால் அதற்குக் கிடைக்கும் வாய் சுமார் 32 செ.மீ. 30 டிகிரியில் தட்டையாக வந்தால் 22.5 தான், பந்தைவிடச் சின்னது. விளிம்பில் படாமல் உள்ளே போகவே முடியாது. கடைசிக் குவார்ட்டரில் தொடை தளர்ந்து, கையால் மட்டும் தள்ளும்போது வளைவு தாழ்ந்து இப்படித்தான் ஆகும். பந்து பக்கவாட்டில் போனால் முழங்கை விலகியிருக்கிறதா பாருங்கள், முன்விளிம்பில் பட்டால் முழங்காலைப் பாருங்கள்.

எறிந்த பந்து காற்றில் இருப்பது ஏறக்குறைய ஒரு வினாடி. அந்த ஒரு வினாடி நீங்கள் பந்தைப் பார்க்கவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிங்குக்குக் கீழே பாருங்கள். நன்றாகப் பழகியவள் பந்து மேலே போனதும் முதலில் தன் ஆளை, தான் தடுக்க வேண்டிய எதிரணிக்காரியைத் தேடுவாள். அவளைத் தன் முதுகால் தொட்டு, இடுப்பைத் தாழ்த்தி, முழங்கையை விரித்து, பாதையை அடைத்துவிட்டு, அதன்பிறகே தலையைத் தூக்குவாள். பாக்ஸ் அவுட் என்பது அதுதான். பழகாதவள் பந்தையே அண்ணாந்து பார்ப்பாள், ஆள் அவளைச் சுற்றி உள்ளே போய்விடும். 51-க்கு 29 என்பதில் உயரத்துக்குப் பங்கு உண்டு, இந்த முதுகுகளுக்கும் பங்கு உண்டு. புள்ளி அட்டவணையில் ரீபவுண்ட் எடுத்தவள் பெயர் வரும், வழியை அடைத்துக் கொடுத்தவள் பெயர் வராது. அவளை எழுதுவதற்குத்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

இரவு நேரத்தில் முழு ஆட்டமும் பார்க்காதீர்கள். பத்து நிமிடக் குவார்ட்டர் ஒன்று, இடைநிறுத்தங்களோடு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். ஒரு குவார்ட்டர், ஒரே ஆட்டக்காரி. ஆனால் முதல் ஓட்டத்தில் பேனா வேண்டாம். இரண்டாவது ஓட்டத்தில் அவள் பந்தைத் தொடாத நேரத்தை மட்டும் தாளில் அம்புக்குறியாகப் போடுங்கள், பக்கத்தில் கடிகார நேரம். அதில் ஒரே ஒரு தாக்குதலைத் தேர்ந்தெடுங்கள். சர்வதேச விதியில் ஒரு தாக்குதலில் பந்தை எறிய 24 வினாடி கெடு, அமெரிக்கக் கல்லூரிக்கு 30. அந்தச் சில வினாடிக்கு 200 சொல், மறுநாள் காலையில், டிவி பக்கம் போகாமல் எழுதுங்கள். இரவே எழுதினால் வர்ணனையாளரின் சொல் காதில் மிச்சமிருக்கும். பார்க்கும் நேரம் எழுத்தைத் தின்பதாக நினைக்கிறீர்கள். எழுத எதையும் தேடாமல் பார்க்கும் நேரம்தான் தின்கிறது.

மொழிக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நம் வினையெச்சம் இந்த ஆட்டத்துக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. ஒருத்தியே செய்வதற்கு "செய்து": வாங்கி, திரும்பி, ஒரு தட்டுத் தட்டி, எழும்பி எறிந்தாள். பலர் சேர்ந்து செய்வதற்கு "செய": "கார்டு இடப்பக்கம் சாய, காவலாளி கூடவே சாய, சென்டர் குறுக்கே நின்று மறிக்க, அந்த இடைவெளியில் மூன்றாமவள் வெட்டி உள்ளே ஓடினாள்." (கார்டு பந்தைக் கொண்டுவருபவள், காவலாளி அவளைத் தடுக்கும் எதிரணிக்காரி, சென்டர் ரிங்குக்கு அருகே ஆடுபவள்.) மூன்று "செய" எச்சம், நான்கு பேர், ஒரே வினைமுற்று. பந்து இன்னும் இந்த வாக்கியத்துக்குள் வரவேயில்லை பாருங்கள். நீங்கள் "கிளார்க் பந்தைத் தட்டி, காவலாளி தடுமாறினாள்" என்று எழுதியது பிழை. "தட்டி" என்றால் தடுமாறியவளும் கிளார்க்தான் என்றாகிவிடும். "தட்ட" என்று மாற்றுங்கள்.

கலைச்சொல்லுக்கு மெனக்கெட வேண்டாம். உங்கள் மகள் களத்தில் என்ன சொல்கிறாளோ அதையே எழுதுங்கள்: ரீபவுண்ட், லே-அப், ஸ்கிரீன், ஃபவுல். முதல்முறை வரும்போது செயலைக் காட்டிவிட்டால் போதும், வாசகர் பிடித்துக்கொள்வார்.

கிளார்க்கைப் பற்றி உலகம் முழுக்க எழுதுகிறார்கள். சென்னையின் அனிதா பால்துரை இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர், 2021-இல் பத்மஸ்ரீ பெற்றவர். 2017-இல் பெங்களூரில் இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பையின் இரண்டாம் நிலையான பி பிரிவை வென்றார்கள். பட்டத்தையும் பதக்கத்தையும் செய்தியாகப் போட்டார்கள். களத்தில் அவர்கள் எங்கே நின்றார்கள், எப்படி மறித்தார்கள் என்பதைத் தமிழில் எழுத ஆள் வேண்டும். உங்களை நான் விடாமல் எழுதச் சொல்வது அதற்காகத்தான்.

மகளின் அடுத்த ஆட்டத்துக்கு நேரில் போங்கள். நடுக்கோட்டுப் பக்கம் உட்காராதீர்கள், அது கேமராவின் இடம். ரிங்குக்குப் பின்னால், எல்லைக்கோட்டை விட்டு இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள், டிவி ஒடுக்கிய அகலம் அங்கே விரியும். சிமெண்ட் களமாக இருந்தால் மணல் எந்த மூலையில் சேர்ந்திருக்கிறது, யார் கால் எங்கே வழுக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரிங்கில் வலை இருக்கிறதா என்றும் பாருங்கள். வலை இல்லாவிட்டால் பந்து உள்ளே போனதா, ஓரமாகப் போனதா என்று பக்கவாட்டில் நிற்பவருக்குத் தெரியாது, சண்டை அங்கேதான் தொடங்கும்.

கட்டுரையைத் திருத்தி அனுப்பும்போது அந்த ஏ4 தாளையும் அம்புக்குறிகளோடு சேர்த்து அனுப்புங்கள். இந்த முறை கார்டோசோவைப் பற்றி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆச்சி