ஸ்டீயரிங் தண்டும் சரியான கருவியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னுடையது ஏர்பேக் இல்லாத பழைய சிறிய கார். இண்டிகேட்டர் சுவிட்சை மாற்றுவதற்காக ஸ்டீயரிங் வீலைக் கழற்ற முயன்றேன். நட்டைத் தளர்த்திய பிறகும் வீல் அசையவில்லை. தண்டின் நுனியில் சுத்தியலால் தட்டினால் வந்துவிடும் என்கிறார் நண்பர். தட்டலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: தயவுசெய்து தட்டாதீர்கள். நேருக்கு நேர் மோதும்போது ஓட்டுநரின் மார்பில் குத்தாமல் தானே உள்ளே சுருங்கிக்கொள்ளும்படி அந்தத் தண்டு வடிவமைக்கப்பட்டிருக்கிறது. 1967ஆம் ஆண்டு மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் இத்தகைய தண்டுகளைப் பொருத்தியது. பிறகு இது உலகெங்கும் வழக்கமாயிற்று. பல கார்களில், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு பகுதிகளைச் சிறிய பிளாஸ்டிக் ஊசிகளே பிடித்துக்கொண்டிருக்கின்றன. மோதலின் விசையில் உடைய வேண்டிய அந்த ஊசிகள் சுத்தியல் அடியிலும் உடையக்கூடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது என்பதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து. அப்படிச் சேதமடைந்த தண்டை ஒட்டவோ பற்றவைக்கவோ கூடாது. முழுவதுமாக மாற்றுவது ஒன்றே வழி.

உங்களுக்குத் தேவை ஸ்டீயரிங் வீல் புல்லர். நடுவில் ஒரு நீண்ட போல்ட்டும் அதைத் தாங்கும் குறுக்குப் பட்டையும் இரு பக்க போல்ட்டுகளும் கொண்ட எளிய கருவி இது. வீலின் நடுப்பகுதியில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருந்தால், அவை இந்தப் பக்க போல்ட்டுகளுக்காகவே விடப்பட்டவை. போல்ட்டின் மரை துளையின் மரையோடு பொருந்துகிறதா என்பதைக் கையால் திருகிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். சில சுற்றுகளே ஏறினால் இழுக்கும்போது மரை பிய்ந்துவிடும். அதிக நீளம் உள்ளே போனால் பின்னாலுள்ள சுவிட்சில் இடிக்கும். பேரிங் கழற்றும் நகம் வைத்த புல்லரை வீலின் ஆரங்களில் மாட்டி இழுத்தால் வீல் கோணிவிடும்.

நட்டை முழுவதும் எடுத்துவிடாமல் தண்டின் நுனிக்குச் சமமாக நிறுத்திவையுங்கள். அது மரையைக் காப்பதோடு, வீல் திடீரென விடுபட்டு முகத்தில் மோதுவதையும் தடுக்கும். தண்டும் வீலும் சேரும் இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவைத்தால், திரும்ப மாட்டும்போது ஒரு பல் கூடத் தவறாது. நட்டைத் தளர்த்தும்போது வீல் சுழலாமலிருக்க ஸ்டீயரிங் பூட்டை நம்ப வேண்டாம். அந்தச் சிறிய பூட்டு அவ்வளவு விசையைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. வேறொருவர் வீலைப் பிடித்துக்கொள்ளட்டும். நட்டுக்கு ஆறு முனை சாக்கெட்டே ஏற்றது, பன்னிரண்டு முனை சாக்கெட் இறுகிய நட்டின் மூலைகளை எளிதில் மழுக்கிவிடும்.

கேள்வி: என் காரில் ஏர்பேக் உள்ளது. இதே முறையில் நானே கழற்றலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் மாடலுக்குரிய பணிமனைக் கையேடு கையில் இல்லையென்றால் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கையேடு இருந்தால், முதலில் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு அதில் சொல்லியுள்ள நேரம் வரை காத்திருங்கள். சில நிறுவனங்கள் 90 நொடிகள் என்றும், சில 3 நிமிடங்கள் அல்லது அதற்கு மேல் என்றும் குறிப்பிடுகின்றன. பேட்டரி இல்லாமலும் ஏர்பேக்கை வெடிக்கவைக்கும் அளவுக்கு மின்சாரம் ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் தேங்கியிருக்கும் என்பதே காரணம். ஏர்பேக்கின் இணைப்புகளில், அவை பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும், மல்டிமீட்டரை ஒருபோதும் வைக்காதீர்கள். அதன் சிறு மின்னோட்டம் கூட அபாயமானது. ஏர்பேக்கைப் பிடித்திருக்கும் திருகுகள் பல கார்களில் நட்சத்திர வடிவ டார்க்ஸ் வகையைச் சேர்ந்தவை. அளவு ஏறத்தாழப் பொருந்தும் எல்லன் கீயை நுழைத்துத் திருகினால் தலை மழுங்கி, பிறகு துளையிட்டு எடுக்கும் நிலை வந்துவிடும். ஏர்பேக்கின் அருகில் துளையிடுவதை நினைத்தும் பார்க்கக் கூடாது. கழற்றியதை அலங்கார மூடி மேல்நோக்கி இருக்குமாறு வையுங்கள். முன்சக்கரங்கள் நேராக இருக்கட்டும். வீலுக்குப் பின்னாலுள்ள சுருள் கேபிள் சுழலாதபடி டேப் ஒட்டுங்கள். நடுநிலை மாறினால் அது வீலை முழுவதும் திருப்பும்போது அறுந்துபோகும்.

கேள்வி: குண்டும் குழியுமான சாலையில் ஸ்டீயரிங்கின் கீழிருந்து கடகடவென்று சத்தம் வருகிறது. கீழ் இணைப்பின் போல்ட்டை ரிங் ஸ்பானரால் இறுக்கினால் போதுமா?
– வாசகர், மதுரை

பதில்: சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவர் வீலை இருபுறமும் சற்றே அசைக்க, மற்றொருவர் நீங்கள் சொல்லும் கீழ் இணைப்பான யுனிவர்சல் ஜாயின்ட்டைக் கையால் தொட்டுப் பார்த்தால் ஆட்டம் விரலில் தெரியும். ஜாயின்ட் தேய்ந்திருந்தால் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். மாட்டும்போது தண்டிலுள்ள பள்ளத்தின் வழியே போல்ட் தடையின்றிச் செல்ல வேண்டும், இல்லையேல் இணைப்பு பின்னர் நழுவக்கூடும். இறுக்குவதற்கு, எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்பதை அளந்து காட்டும் டார்க் ரென்ச் கட்டாயம் தேவை. சக்கர நட்டுக்குப் பயன்படும் பெரிய ரென்ச் குறைந்த அளவுகளில் துல்லியமாக இருக்காது என்பதால், 10 முதல் 60 நியூட்டன் மீட்டர் வரை அளக்கும் சிறியதை வாங்குங்கள் அல்லது இரவல் கேளுங்கள். எந்த அளவுக்கு இறுக்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். உங்கள் காரில் பவர் ஸ்டீயரிங் மோட்டார் தண்டிலேயே பொருத்தப்பட்டிருந்தால், அந்த மோட்டாரையும் அதனுடன் உள்ள சென்சாரையும் பிரிக்காமல் ஜாயின்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவற்றைக் கழற்றி மாட்டினால் கணினிக் கருவி கொண்டு மீண்டும் நிலைப்படுத்த வேண்டியிருக்கும்.