கார் ஆம்ப்ளிஃபயர்: 4,000 வாட் உண்மையா?

கேள்வி: என் காரின் நான்கு கதவுகளிலும் 50 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கக்கூடிய சக்தி) ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. கடையில் '4,000 வாட்' என்று அச்சிட்ட நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் காட்டுகிறார்கள். அதில் 30 ஆம்பியர் பியூஸ் இரண்டு உள்ளன. அவ்வளவு சக்தி உண்மையிலேயே வருமா? நம்பி வாங்கினால் நாள்பட உழைக்குமா? – ஈரோட்டு வாசகர் ஒருவர்.

பதில்: வராது. கடையை விட்டு வெளியே வராமலே நீங்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் அந்த இரண்டு பச்சை நிற பியூஸ்களும் சேர்ந்து, தொடர்ந்து உள்ளே விடக்கூடியது 60 ஆம்பியர்; எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் மின்னழுத்தத்தை 14.4 வோல்ட் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், உள்ளே போவது 864 வாட்தான். சாதாரண 'கிளாஸ் ஏபி' வகை முழுச் சத்தத்தில் அதில் ஏறக்குறைய பாதியைச் சூடாக வீணடிப்பதால் 430 வாட்டை ஒட்டித்தான் மிஞ்சும். சேனல் ஒன்றுக்கு, அதாவது ஸ்பீக்கர் ஒன்றுக்கு, நூறு வாட்டுக்குச் சற்று மேல். இதுவும் மேல்வரம்பே. தேவைக்கு மேல் பெரிய பியூஸைச் செருகி விற்பதை யாரும் தடுப்பதில்லை என்பதால், இந்தக் கணக்கு பொய்யைக் காட்டிக்கொடுக்குமே தவிர மெய்க்குச் சான்று ஆகாது.

இங்கே ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விற்பனையாளர் உடனே அதைத்தான் பிடித்துக்கொள்வார். 'கிளாஸ் டி' வகை, குறிப்பாக சப்வூஃபருக்கான (அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கர்) ஒற்றைச் சேனல் 'மோனோ பிளாக்', மின்சாரத்தை அவ்வளவு வீணாக்காது; நூற்றுக்கு எண்பது அளவுக்கு வெளியே தரும். அதனால் அதே 60 ஆம்பியரில் 690 வாட் வரை எதிர்பார்க்கலாம். அது சூடும் குறைவாக உமிழ்வதால் உருவத்தில் சிறியதாகவும் எடையில் லேசாகவும் இருக்கும். 'கனமாக இருந்தால் நல்ல ஆம்ப்' என்ற பழைய கைக்கணக்கு அதனிடம் செல்லாது. ஆனால் அந்த வகையும் 864-ஐத் தாண்ட முடியாது, 4,000 என்ற பேச்சுக்கே இடமில்லை. மேலும், எல்லாவற்றையும் 'டிஜிட்டல் ஆம்ப்' என்று சொல்லி விற்கும் வழக்கம் இருப்பதால், கையேட்டில் 'கிளாஸ் டி' என்று அச்சிட்டிருந்தால் மட்டும் நம்புங்கள்.

நீங்கள் தேட வேண்டியது ஆர்எம்எஸ் எண், அதாவது ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய சக்தி. அதுவும் தனியாக நின்றால் போதாது. எத்தனை ஓமில் (ஸ்பீக்கரின் மின்தடை), எத்தனை வோல்ட்டில், எத்தனை சதவீத ஒலிச் சிதைவில் என்பதும் உடன் இருக்க வேண்டும். அமெரிக்கத் தொழில்துறையினர் வகுத்த சிடிஏ-2006 என்ற அளவுமுறை 4 ஓம், 14.4 வோல்ட், 1 சதவீதத்துக்கு மிகாத சிதைவு என்று நிபந்தனை வைக்கிறது. அதைப் பின்பற்றுவது தயாரிப்பாளரின் விருப்பம். நம் ஊரில் ஒரு கிலோ அரிசிப் பையில் நூறு கிராம் குறைந்தால் எடையளவு ஆய்வாளர் வழக்குப் போடலாம். பெட்டியில் பத்து மடங்கு வாட் கூடினால் அளந்து பார்க்க ஆளில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் முத்திரை பாதுகாப்புக்கானது, வாட் எண்ணுக்கான உத்தரவாதம் அல்ல.

உங்கள் ஸ்பீக்கர்களுக்குச் சேனலுக்கு 50 முதல் 75 வாட் ஆர்எம்எஸ் உண்மையாகவே கிடைத்தால் தாராளம்.

உழைப்பைப் பற்றிக் கேட்டீர்கள். ஆம்ப்ளிஃபயர்களைக் கெடுப்பதில் பெரும்பங்கு வயரிங் கிட்டுக்கும் அதை மாட்டுபவருக்கும் உரியது. 'ஃபிட்டிங் இலவசம்' என்று சொல்லித் தரப்படும் கிட்டில் வயர் விரல் தடிமன் இருக்கும். தோலை உரித்தால் நடுவே கொஞ்சம் இழைகளே இருக்கும். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். செம்பைவிட மின்சாரத்தைக் குறைவாகவே கடத்தும் அந்த வயரில் மின்னழுத்தம் இறங்கி, பாட்டின் ஒவ்வோர் அடிக்கும் முகப்பு விளக்கு மங்கும், ஆம்ப் திணறும். அதைவிட மோசமானது, பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டிய பிரதான பியூஸைச் சில நூறு ரூபாய்க்காக விட்டுவிடுவது. வயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் கார் தீப்பிடிக்கும். பியூஸ் போனால் பெரியதைச் செருகியோ கம்பி சுற்றியோ 'சரிசெய்து' தருபவரிடம் காரை விடவே விடாதீர்கள்.

பணம் கொடுக்கும் முன் உங்கள் ஸ்பீக்கர்களிலேயே அரை மணி நேரம் நல்ல சத்தத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆம்ப்பின் உடல் சூடாகலாம், கையை வைக்கவே முடியாத அளவு கொதித்தாலோ, ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டதைக் காட்டும் 'புரொடெக்ட்' விளக்கு எரிந்தாலோ வேண்டாம் என்று எழுந்துவிடுங்கள். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும், அது சட்டப்படி கட்டாயம். விசிட்டிங் கார்டின் பின்புறம் எழுதித் தரும் 'ஒரு வருட வாரண்டி' அந்தக் கடைக்காரரின் நல்ல மனத்தைப் பொறுத்தது. 'கார் அக்சசரீஸ்' என்று பொதுவாக எழுதிய பில்லும் அப்படித்தான். மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் குறித்த ஜிஎஸ்டி பில் கையில் இருந்தால்தான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் நீங்கள் அளிக்கும் புகாருக்கு வலு இருக்கும்.