பைபாஸ் முடிந்து எட்டு மாதம்: எடை ஏன் நிற்கிறது?

மார்த்தாண்டத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் செய்து எட்டு மாதம், சில வாரங்களாக எடை அசையவில்லை, ஆபரேஷன் வீணா என்று. வீணில்லை, தைரியமாக இருங்கள். முதல் ஆறு மாதத்தில்தான் எடை வேகமாக இறங்கும். அப்புறம் மெதுவாகி, பெரும்பாலானவர்களுக்கு 12 முதல் 18 மாதத்துக்குள் ஒரு நிலைக்கு வரும். உடல் சிறுத்தால் அது செலவழிக்கும் கலோரியும் குறையும்.

இதற்குப் பயந்து சாப்பாட்டை இன்னும் குறைக்காதீர்கள், தசைதான் கரையும். பொதுவாக தினமும் 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். நம்மூரில் அதற்குக் கஷ்டமே இல்லை. 100 கிராம் சாளையில் (மத்தி மீன்) சுமார் 20 கிராம் இருக்கிறது, பொரிக்காமல் புளிமுளம் என்ற மீன் குழம்பாக வையுங்கள். ஆனால் மீனோடு வரும் மரச்சீனியில் (மரவள்ளிக்கிழங்கு) அதே அளவுக்குப் புரதம் 2 கிராம்கூட இல்லை. முதலில் மீன், இடமிருந்தால் ஒரு துண்டு கிழங்கு.

நான் அதிகம் சந்தேகப்படுவது நேந்திரங்காய் சிப்ஸையும் சர்க்கரை போட்ட சாயாவையும்தான். சிறிய இரைப்பையிலும் சுலபமாக இறங்கிவிடும், வயிறு நிறைந்ததே தெரியாது. சாப்பிட்டு அரை மணி நேரம் தண்ணீரும் வேண்டாம்.

நடைப்பயிற்சியோடு வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியும் சேருங்கள், டாக்டரிடம் கேட்டுவிட்டு. பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுள் முழுக்க. வாந்தி, வயிற்றுவலி இருந்தாலோ எடை திரும்ப ஏறினாலோ அறுவை செய்த மருத்துவரை உடனே பாருங்கள்.