கார் பந்தய வீரர் ஒருவர் இறந்தால் ரசிகர்கள் இவ்வளவு துக்கப்படுவது ஏன்?

கேள்வி கேட்டவர் கீழே இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறார்: "பேசிப் பழகாத ஒருவருக்காக வருடக்கணக்கில் கலங்குவது இயல்புதானா?" இயல்புதான். எனக்கு அந்த ஒருவர் ஸ்காட் கலிட்டா. அமெரிக்க டிராக் ரேஸ் வீரர்.

அப்போது நியூ ஜெர்சியில், எடிசனில் குடியிருந்தேன். அங்கிருந்து காரில் போய்வரும் தூரத்தில்தான் இங்கிலிஷ்டவுன் பந்தயத் தடம் இருந்தது. அலுவலகத்தில் கூட வேலை பார்த்த ஒரு பெரியவர், என் அப்பா வயது இருக்கும், சின்ன வயதிலிருந்தே அங்கே போகிறவர். "ஒரு தடவை வந்து பார், பிடிக்கவில்லை என்றால் இனி கூப்பிட மாட்டேன்" என்று 2007 கோடையில் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

டிராக் ரேஸ் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வளைவே இல்லாத நேர்த் தடம். இரண்டு இரண்டு கார்களாக ஓடும். அன்றைக்கு தூரம் கால் மைல், அதாவது 1,320 அடி. ஸ்காட் ஓட்டியது 'ஃபன்னி கார்' என்ற வகை. என்ஜின் ஓட்டுநருக்கு நேர் முன்னால் இருக்கும், எரிபொருளில் பெரும்பங்கு நைட்ரோமீத்தேன். ஐந்து நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். முடியும்போது வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். அந்தச் சத்தம் காதில் கேட்பதோடு நிற்காது, நெஞ்சுக்கூட்டில் அடிக்கும்.

ஆனால் என்னைப் பிடித்துப்போட்டது ஓட்டம் இல்லை, கார்களைப் பிரித்து வேலை பார்க்கும் 'பிட்' பகுதி. டிக்கெட் வாங்கிய எவரும் அங்கே நடந்து போகலாம், நடுவில் ஒரு கயிறுதான் தடுப்பு. ஒரு சுற்று முடிந்து வந்த காரைப் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு என்ஜினை அக்கக்காகப் பிரிக்கிறார்கள். மீசை சரியாக முளைக்காத ஒரு பையன் எட்டுப் பிஸ்டன்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, மேஜைமேல் வரிசையாக வைத்தான். ஒன்றின் தலை தீய்ந்துபோயிருந்தது. ஒரு மணி நேரத்தில் அதே என்ஜின் மறுபடி உறுமியது. நைட்ரோ புகை கண்ணில் பட்டதும் வெங்காயம் உரித்த மாதிரி எல்லோருக்கும் கண்ணீர், ஆனாலும் ஒருவரும் நகரவில்லை. இந்தச் சந்தடிக்கு நடுவே கயிற்றோரமாக நின்று ஸ்காட் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மஞ்சள் நிற டிஎச்எல் சட்டை. என்னிடமும் ஒரு படத்தை வாங்கிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அவ்வளவுதான் எனக்கும் அவருக்கும் உள்ள பழக்கம்.

திரும்பி வரும் வழியெல்லாம் பெரியவர் அவரைப் பற்றியே பேசினார். ஸ்காட்டின் அப்பா கானி கலிட்டாவும் பேர்போன பந்தயக்காரர்; சரக்கு விமான நிறுவனம் நடத்துபவர். மகன் அப்பாவின் நிழலில் நின்றுவிடவில்லை. 'டாப் ஃப்யூவல்' என்ற உச்சப் பிரிவில் 1994, 1995 இரண்டு வருடமும் சாம்பியன். அந்த 1994ல் வரிசையாக நான்கு போட்டிகளை ஜெயித்தார். நடுவில் சில வருடம் ஒதுங்கியிருந்து, 2003ல் திரும்பி வந்து மறுபடி ஜெயித்தவர். மொத்தம் 18 வெற்றி. அந்தத் திரும்பி வந்த கதையைத்தான் பெரியவர் அடிக்கடி சொல்வார். அவருக்கே ஒரு பெரிய நோய் வந்து போன சமயம் அது.

2008 ஜூன் 21, சனிக்கிழமை. அதே இங்கிலிஷ்டவுனில் போட்டி. நான் போகவில்லை, வீட்டில் விருந்தாளிகள். பெரியவர் போயிருந்தார். சாயங்காலம் போன் வந்தது. எடுத்தால் பேச்சே இல்லை, பின்னால் ஒலிபெருக்கிச் சத்தமும் இல்லை. அப்புறம், "ஸ்காட் போய்விட்டான்" என்றார்.

தகுதிச் சுற்றில் எல்லைக்கோட்டை நெருங்கும்போது என்ஜின் வெடித்துத் தீப்பிடித்தது. பாராசூட்டுகள் காரைப் பிடித்து நிறுத்தவில்லை. தடத்தின் கடைசியில் இருந்த மணல் பகுதியாலும் அந்த வேகத்தை அடக்க முடியவில்லை. அவருக்கு வயது 46. மனைவியும் இரண்டு மகன்களும் இருந்தார்கள். அதற்கு முந்தைய வருடம் மார்ச்சில்தான் எரிக் மெட்லன் என்ற இளம் வீரரை, கெயின்ஸ்வில் தடத்தில் ஒரு சோதனை ஓட்டத்தில் ஏற்பட்ட விபத்தில் இழந்திருந்தார்கள். எரிக்கின் காரைத் தயார் செய்யும் குழுவின் தலைவர் எரிக்கின் அப்பாவேதான். அந்தக் காயம் ஆறுவதற்குள் இது.

ரசிகர்கள் ஏன் இவ்வளவு துக்கப்படுகிறார்கள் என்று கேட்டீர்கள். அந்தக் கயிறுதான் காரணம் என்பேன். மற்ற விளையாட்டுகளில் நாம் பார்ப்பது மைதானத்தின் நடுவே ஒரு புள்ளியை, இல்லை டிவியில் ஒரு முகத்தை. இங்கே அவர் கையில் இருக்கும் கிரீஸ் கறையைப் பார்த்திருக்கிறோம், பேனா வாங்கும்போது அது நம் விரலிலும் ஒட்டியிருக்கிறது. அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான பேருக்கு, போனவர் தெரிந்த மனிதர்.

இன்னொன்றும் உண்டு. அவர் இறந்த சில வாரங்களிலேயே, ஜூலையில் டென்வர் போட்டியிலிருந்து, நைட்ரோ கார்களின் தூரத்தை 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைத்தார்கள். கார் நிற்பதற்குக் கூடுதல் இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக. தற்காலிக ஏற்பாடு என்று பேசிக்கொண்டார்கள், இன்று வரை அதுதான் தூரம். பழைய ரசிகர்களில் பலருக்கு இதில் மனத்தாங்கல். கால் மைல் ஓடாதது டிராக் ரேஸே இல்லை என்பார்கள். பெரியவரும் 1960களிலிருந்து கால் மைல் பார்த்தே வளர்ந்தவர்தான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் யாரோடும் வாதாட மாட்டார். "அந்த 320 அடி ஸ்காட்டுடையது" என்பார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. சிலை வைத்திருந்தால் வருடத்துக்கு ஒருநாள் மாலை போட்டிருப்போம். இது ஒவ்வொரு ஓட்டத்திலும் நடக்கிறது. ஆயிரம் அடியில் சத்தம் சட்டென்று அறுந்துவிடும். பாராசூட் விரிந்தபடி கார் மிச்ச தூரத்தை உருண்டே கடக்கும். 2009ல் இருந்து நாங்கள் போன எல்லாப் போட்டிகளிலும், அந்த இடத்தில் பெரியவர் காதை மூடியிருக்கும் கருவியைக் கழற்றிவிட்டு, அந்தக் கார் போய் நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

இங்கிலிஷ்டவுனில் 2018 ஜனவரியோடு டிராக் ரேஸை நிறுத்திவிட்டார்கள். பெரியவர் ஓய்வு பெற்று வேறு ஊர் போனார், நானும் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். ஸ்காட்டின் சித்தப்பா பெரியப்பா வழித் தம்பி டக் கலிட்டா, எத்தனையோ வருடம் சாம்பியன் பட்டத்தின் விளிம்பு வரை வந்து கோட்டைவிட்டவர், 2023 நவம்பரில் ஒருவழியாக டாப் ஃப்யூவல் பட்டத்தை வென்றார். இங்கே திங்கட்கிழமை காலை, நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பெரியவரிடமிருந்து போன். ஹலோகூடச் சொல்லவில்லை.

"அந்த வீட்டுக்கு இந்தப் பட்டம் திரும்பி வர 28 வருஷம் ஆகியிருக்கிறது" என்றார்.

நான் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அன்று அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் போனேன்.